டொரண்டோ கொமடோர் டிக்கோயா கரண்டில் ஓடுமா?

டிக்கோயாவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டொரண்டோவில் இருக்கும் சித்தப்பா, தான் அந்தக் காலத்தில் பாவித்த கொமடோர் 64 கொம்பியூட்டரையும் 1541 டிஸ்க் டிரைவையும் ஒரு பெட்டி ஃபிளொப்பியோடு அனுப்பி வைத்திருக்கிறார். அங்கே இதெல்லாம் மாட்டியிருந்த ப்ளக் பலகையும் கூடவே வந்திருக்கிறது. எதைத் திருப்பிப் பார்த்தாலும் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ஹட்டன் டவுனில் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் ஒன்று வாங்கி, அந்தப் பலகையை அதில் குத்தி, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுவிடலாமா என்பது ஒரு கேள்வி. நம் 50 ஹேர்ட்ஸில் மெஷின் மெதுவாக ஓடுமா என்பது மற்றது.

தம்பி, டிரான்ஸ்போமர் டிரைவுக்குத் தேவைப்படும். கொமடோருக்கு வேண்டாம், அதற்கு 230 வோல்ட்டில் ஓடும் வேறு பவர் சப்ளை ஒன்றைப் பிடிக்க வேண்டும். மெஷின் மெதுவாக ஓடாது. காரணங்களைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு அவசர விஷயம்.

அந்த ப்ளக் பலகையை எடுத்து யார் கையிலும் படாத இடத்தில் வையுங்கள். வட அமெரிக்காவில் விற்கும் பலகைகள் பலவற்றுக்குள் வேரிஸ்டர் என்று தட்டையான வட்டச் சாமான் ஒன்று இருக்கும். லைனில் திடீரென்று ஏறும் வோல்ட்டை விழுங்குவதற்கு வைத்தது. 120 வோல்ட் ஊருக்கு சாதாரணமாக 130 வோல்ட் வரை தாங்குவதைத்தான் போடுவார்கள். நம் 230ஐ நேரே கொடுத்தால் அது ஒவ்வொரு அலையிலும் கரண்டை இழுத்து, சூடேறி, வெடிக்கும், தீயும் பிடிக்கலாம். டிரான்ஸ்போமருக்குப் பின்னால் மாட்டினால் ஒன்றும் ஆகாது என்பது சரிதான். ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் ஃபோன் சார்ஜ் போட அதைச் சுவரில் குத்துவார்கள். எல்லா நாட்டு ஊசிக்கும் பொருந்துகிற அடப்டர் இப்போது எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கிறது. அது ஊசியின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது.

சரி, இனி கொமடோர். ஒரு கொம்பியூட்டரின் போர்டுக்குச் சுவரில் என்ன கரண்ட் வருகிறது என்பது தெரியவே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பவர் சப்ளை கொடுக்கும் சின்ன வோல்ட்டுகள்தான். கொமடோர் 64 கேட்பது இரண்டே இரண்டு: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. இரண்டும் பவர் சப்ளை என்ற அந்தக் கனமான கட்டியில் இருந்து ஏழு ஊசி ப்ளக் வழியாக உள்ளே போகின்றன. கனடாவில் விற்ற மெஷினும் இங்கிலாந்தில் விற்ற மெஷினும் கேட்பது இதையேதான், ப்ளக்கும் ஒன்றேதான். ஆகவே 230 வோல்ட் நாடுகளுக்கென்று செய்த சப்ளையை உங்கள் டொரண்டோ மெஷினில் மாட்டினால் அதற்கு வித்தியாசமே தெரியாது.

அப்படியென்றால் அந்தக் கட்டியையே டிரான்ஸ்போமரில் போட்டு ஓட்டினால் என்ன? ஓடும். ஆனால் வோல்ட் எதுவாக இருந்தாலும், டொரண்டோவிலேயே இருந்தாலும், அந்தக் கட்டியைப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அதற்குள் டிரான்ஸ்போமரையும், வோல்ட்டை 5இல் நிறுத்தி வைக்கும் ரெகுலேட்டரையும் வைத்து எபொக்சி ஊற்றி அடைத்திருப்பார்கள். சூடு வெளியே போக வழியில்லை, திறந்து பழுது பார்க்கவும் முடியாது. வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்த ரெகுலேட்டர் சாகும்போது பல நேரம் 5 வோல்ட்டை நிறுத்துவதில்லை, ஏற்றிவிடுகிறது. 6, 7 என்று ஏறினால் முதலில் மெமரி சிப்புகள் போகும், பிறகு மற்றவை. இந்த மெஷினின் படத்தைப் போடும் விக் சிப்பையும் சத்தத்தைக் கொடுக்கும் சிட் சிப்பையும் இன்று யாரும் தயாரிப்பதில்லை. கொமடோர் கம்பனி 1994இலேயே மூடப்பட்டுவிட்டது. 1982இல் வந்த மெஷின் இத்தனை வருஷம் தாங்கி உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. பழைய கட்டியை நம்பி அதைப் பணயம் வைக்கக் கூடாது.

புதிய சப்ளையை இணையத்தில் ஓடர் பண்ணலாம். இந்த மெஷினுக்கென்றே இன்றும் செய்து விற்கிறார்கள். ஓடர் பண்ணும்போது 230 வோல்ட் என்பதையும், 9 வோல்ட் ஏசியும் தருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சோல்டரிங் நன்றாகத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் செய்தும் கொள்ளலாம்: நல்ல தரமான 5 வோல்ட் 3 அம்பியர் சப்ளை ஒன்று, 230க்கு 9 வோல்ட் டிரான்ஸ்போமர் ஒன்று, 9 வோல்ட் பக்கத்தில் ஒரு பியூஸ், மூடிய பெட்டி. டிரான்ஸ்போமர் 1 அம்பியருக்குக் குறையக் கூடாது. சாமான்கள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். செய்து முடித்ததும் வோல்ட்டைக் கட்டியின் பக்கத்தில் அளக்காமல் வயரின் கடைசியில், மெஷினுக்குள் போகிற ஊசியில் அளந்து பாருங்கள். மெல்லிய வயர் போட்டால் வழியிலேயே கால் வோல்ட் காணாமல் போய்விடும். 5.0இல் இருந்து 5.1 வரை நல்லது. 5.25ஐத் தாண்டினால் மாட்டவே வேண்டாம்.

9 வோல்ட் ஏசியை வேண்டாத ஒன்று என்று நினைத்துச் சிலர் விட்டுவிடுகிறார்கள். பழைய போர்டுகளில் அதில் இருந்துதான் விக்குக்கும் சிட்டுக்கும் 12 வோல்ட் எடுக்கப்படுகிறது. அது இல்லாவிட்டால் சிவப்பு லைட் மட்டும் அழகாக எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். லைட் 5 வோல்ட்டில் எரிகிறது என்பதால் லைட்டைப் பார்த்துச் சப்ளை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

இப்போது ஹேர்ட்ஸ் கேள்வி. கொமடோரின் வேகத்தை முடிவு செய்வது போர்டில் சீராகத் துடித்துக்கொண்டிருக்கும் பளிங்கு, அதாவது கிரிஸ்டல். வட அமெரிக்க மெஷினில் அது 14.31818 மெகாஹேர்ட்ஸ். அதை 14ஆல் பிரித்தால் 1.02 மெகாஹேர்ட்ஸ், புரொசெசர் ஓடுவது அந்த வேகத்தில். திரையில் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 60 தடவை படம் வருவதும் அதே பளிங்கின் கணக்குதான். சுவரில் 50 வந்தாலும் 60 வந்தாலும் இதெல்லாம் அசையாது. சுவரின் ஹேர்ட்ஸை எண்ணுகிற இடம் உள்ளே ஒன்றுதான் இருக்கிறது: சியா என்ற சிப்பில் இருக்கும் நேரக் கடிகாரம். அது 9 வோல்ட் ஏசியின் துடிப்புகளை எண்ணுகிறது. மெஷின் அதை 60 என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கும், ஆகவே இங்கே அந்தக் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிஷம் பிந்தும். 56334ஆம் மெமரி இடத்தில் 128க்கான பிட்டை ஏற்றிவிட்டால் 50 என்று திருந்திவிடும். மெஷினின் பேசிக் மொழியில் நாம் கேட்டு வாங்கும் நேரம் வேறு டைமரில் இருந்து வருவதால் அதற்குப் பாதிப்பில்லை. பெரும்பாலான விளையாட்டுகளுக்கும் இது தெரியவே தெரியாது.

டிவி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் முதலில் முட்டிக்கொள்வீர்கள். மெஷினில் இருந்து வருவது என்டிஎஸ்சி என்ற வட அமெரிக்க டிவி முறைப் படம், நம் நாட்டுப் பழைய டிவிகள் பால் (PAL) என்ற வேறு முறையில் ஓடுபவை. ஏரியல் ஓட்டையில் மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஏவி கேபிள் செய்து, ஏவி ஓட்டை உள்ள எல்சிடி டிவியில் போடுங்கள். அநேகமானவை என்டிஎஸ்சியைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். சித்தப்பா பிறகு மொனிட்டரையும் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழாய் மொனிட்டர் வழியில் உடையும், இங்கே அதற்கும் பெரிய டிரான்ஸ்போமர் தேட வேண்டி வரும்.

டிரைவின் கதை வேறு. 1541க்குள்ளேயே டிரான்ஸ்போமர் இருக்கிறது, சுவர்க் கரண்ட் நேரே அதற்குள் போகிறது. வெளியே மாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை என்பதால் இதற்கு மட்டும் ஸ்டெப் டவுன் வேண்டும். மோட்டர் டிசியில் ஓடுகிறது, நிமிஷத்துக்கு 300 சுற்று என்பதை அதன் சொந்தச் சர்க்யூட்டே பார்த்துக்கொள்ளும். இன்னும் பழைய 8 அங்குல டிரைவுகள் என்றால் பிரச்சினை. அவற்றின் மோட்டர் ஏசியில் ஓடும், 50 ஹேர்ட்ஸுக்குக் கப்பியையும் பெல்ட்டையும் மாற்ற வேண்டும்.

ஆனால் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்போமர் 50இல் கஷ்டப்படுவது உண்மை, அதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்போமரின் இரும்புக்குள் எவ்வளவு காந்தம் ஏறுகிறது என்பது வோல்ட்டை ஹேர்ட்ஸால் பிரித்தால் வருகிற எண்ணைப் பொறுத்தது. 120ஐ 60ஆல் பிரித்தால் 2. அதற்குத்தான் அந்த இரும்பை அளந்து போட்டிருப்பார்கள். இங்கே அதே 120 வோல்ட்டை 50 ஹேர்ட்ஸில் கொடுத்தால் 2.4, அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். சிக்கனமாகச் செய்த டிரான்ஸ்போமர் என்றால் உறுமும், கை வைக்க முடியாமல் சூடேறும். 110 கொடுத்தால் 2.2. 100 கொடுத்தால் சரியாக 2, ஆனால் உள்ளே வரும் வோல்ட்டும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும், ரெகுலேட்டர்களுக்கு மூச்சு முட்டும். 50 ஹேர்ட்ஸில், கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் அடுத்த அலைக்குக் காத்திருக்கும் இடைவெளியும் 8.3 மில்லி செக்கனில் இருந்து 10ஆக நீள்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 110 வோல்ட்தான் பொருத்தம். 1541க்கு அதில் ஒரு நன்மையும் உண்டு. சூட்டுக்குப் பேர்போன டிரைவ் அது. உள்ளே வருகிற வோல்ட் கொஞ்சம் குறைந்தால், மிச்ச வோல்ட்டைச் சூடாக்கி எரிக்கிற ரெகுலேட்டர்களுக்கு வேலை குறையும்.

ஆகவே கடையில் 120 கேட்காதீர்கள், 110 கேளுங்கள். வாங்கியதும் அளந்து பாருங்கள். நம் மின்சாரசபையின் கணக்கு 230 வோல்ட், 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216இல் இருந்து 244 வரை. சுவரில் 244 இருக்கும்போது 110 என்று எழுதிய டிரான்ஸ்போமர் 116க்கு மேல் கொடுக்கும். லோட் எதுவும் இல்லாதபோது இன்னும் கூடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம், டிரைவை மாட்டிய பிறகு வருகிற அளவுதான் கணக்கு. பகலில் ஒரு தடவை, எல்லா வீட்டிலும் லைட் போட்ட பிறகு ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை அளந்து குறித்து வையுங்கள். காசல்ரீ அணைக்கட்டு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் அந்தத் தண்ணீரின் கரண்ட் நேரே உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. பெரிய லைனில் ஏறி, சுற்றி, தோட்டத்து டிரான்ஸ்போமரில் இறங்கித்தான் வருகிறது. லைனின் கடைசியில் இருக்கிற லயங்களில் அந்திக்கு வோல்ட் இறங்குவதும் இரவில் ஏறுவதும் அதனால்தான்.

டிரான்ஸ்போமரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் 230க்கும் 110க்கும் ஒரே சுருள்தான், நடுவில் ஒரு தொடுப்பு எடுத்திருப்பார்கள். ஆட்டோ டிரான்ஸ்போமர் என்பது அது. மற்றதில் இரண்டு சுருளும் தனித்தனி. ஆட்டோ மலிவு, எடையும் குறைவு, ஆனால் பொதுவான சுருளில் எங்காவது அறுந்தால் 110 பக்கத்துக்கு 230 வந்துவிடும். டிரைவுக்குத் தனிச்சுருள்தான் வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை, மல்டிமீட்டர் கொண்டு போங்கள். எதிலும் மாட்டாமல், ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு, உள்ளே போகிற ஊசி ஒவ்வொன்றுக்கும் வெளியே வருகிற ஓட்டை ஒவ்வொன்றுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். ஏர்த்தை விட்டுவிடுங்கள். எங்காவது தொடர்பு காட்டினால் அது ஆட்டோ. டிரைவுக்கு 100 விஏ (வோல்ட்டை அம்பியரால் பெருக்கிய அளவு) போதும், 200 என்றால் தாராளம். சின்னக் கைப்பெட்டி மாதிரி, 1500 வொட் என்று எழுதி, எடையே இல்லாமல் ஒன்று காட்டுவார்கள். தலைமயிர் காய வைக்கும் மெஷினுக்கும் அயனுக்கும் செய்தது அது. அலையை வெட்டித்தான் வோல்ட்டைக் குறைக்கிறது. வெட்டிய அலையின் உச்சி 300க்குக் கிட்டவே நிற்கும். அதைத் தொடவே வேண்டாம்.

ஏர்த் இல்லாமல் இதில் எதையும் ஆரம்பிக்காதீர்கள். 1541க்கு மூன்று ஊசி வயர், மூன்றாவது ஏர்த். டிரான்ஸ்போமரின் ஓட்டையில் ஏர்த் இருக்க வேண்டும், அது சுவர் ப்ளக்கின் ஏர்த்தோடு நிஜமாகவே தொடுத்திருக்க வேண்டும். பழைய லயங்களில் ப்ளக் பேஸில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இரண்டுதான் இருக்கும். வயரிங் தெரிந்த ஒரு பாஸைக் கூப்பிட்டு ஏர்த்தையும் ட்ரிப் சுவிச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். 13 அம்பியர் சதுர ஊசி ப்ளக் போடுவதாக இருந்தால் உள்ளே இருக்கும் 13 அம்பியர் பியூஸைக் கழற்றி 3 போடுங்கள்.

வேறு நாட்டு மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் இருந்து வந்ததென்றால் வோல்ட் பிரச்சினை இல்லை. ஆனால் பிபிசி மைக்ரோ மாதிரியானவற்றின் சப்ளைக்குள் மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி வெடிப்பு விட்ட காகிதக் கெப்பாசிட்டர் இருக்கும். ஈரம் குடித்து, போட்டுக் கொஞ்ச நேரத்தில் நாற்றமடிக்கும் புகையாகப் போகும். நம் ஊர்ப் பனியில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். போடுவதற்கு முன்னாலேயே எக்ஸ்2 வகை, 275 வோல்ட் என்று எழுதியதாக மாற்றிவிடுங்கள். ஜப்பானில் இருந்து வரும் என்ஈசி பிசி-98, ஷார்ப் எக்ஸ்68000 போன்றவை 100 வோல்ட். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 ஹேர்ட்ஸ் என்பதால் அவர்கள் இரண்டுக்கும் ஏற்றபடியே செய்கிறார்கள், ஹேர்ட்ஸ் கவலை வேண்டாம். வோல்ட்டில் மட்டும் கவனம்: அங்கே சட்டப்படி 101 வோல்ட், 6 கூடலாம், குறையலாம். 110 டிரான்ஸ்போமர் அதற்குக் கூட. 100 என்று எழுதியதையே தேடுங்கள். ப்ளக்கில் வால் மாதிரித் தொங்கும் பச்சை வயரை வெட்டிவிடாதீர்கள், அதுதான் ஏர்த். அதைத் தொடுக்காவிட்டால் இரும்புப் பெட்டியில் கை வைக்கும்போது சுள்ளென்று இழுக்கும்.

1984இல் வந்த ஐபிஎம் ஏடிக்கும் அதற்குப் பிறகு வந்த பல மெஷின்களுக்கும் பின்னால் 115, 230 என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை 230க்குத் தள்ளினால் டிரான்ஸ்போமரே வேண்டாம். மறந்து 115இல் விட்டுச் சுவரில் போட்டால், உள்ளே 200 வோல்ட் தாங்குகிற இரண்டு பெரிய கெப்பாசிட்டரும் ஆளுக்கு 325 வோல்ட் வாங்கி வெடிக்கும். தள்ளிய பிறகு அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், பிள்ளைகள் விளையாட்டுக்குத் தள்ளாமல் இருக்கட்டும்.

நம் மலைக்கென்று உள்ளவை ஈரமும் இடியும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி கட்டினால் ஸ்விட்சை நிறுத்துவது போதாது, ப்ளக்கையே கழற்றுங்கள், டிவியில் இருந்து வரும் ஏரியல் வயரையும் சேர்த்து. கரண்ட் போய்த் திரும்ப வரும்போதும் அப்படித்தான், லைட் நிலையாக எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பனிக்குள் வந்த பெட்டியைத் திறந்த அன்றே போடாமல், அடுப்படிப் பக்கமாகக் காய்ந்த இடத்தில் ஒரு நாள் வையுங்கள். ஃபிளொப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, நீளமான ஓட்டை வழியாகத் தட்டை மெல்லச் சுற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் புள்ளியோ மங்கலான வளையமோ தெரிந்தால் அது பூஞ்சணம். அந்த ஃபிளொப்பி டிரைவுக்குள் போகக் கூடாது. ஒன்று போனால் டிரைவின் படிக்கும் ஹெட்டில் பூஞ்சணம் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்லதையும் சுரண்டிவிடும்.

முதல் தடவை போடும்போது கொமடோர், புதிய சப்ளை, டிவி, இவ்வளவுதான் இருக்க வேண்டும். நீலத் திரையில் 38911 பைட்ஸ் மிச்சம் என்று வந்தால் மெமரி நலமாக இருக்கிறது. குறைவான எண் வந்தால் ஒரு மெமரி சிப்பைச் சந்தேகப்படுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி 5 வோல்ட்டை அளவுங்கள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டிரைவின் கேபிளை மாட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கேபிளைச் செருகினாலோ பிடுங்கினாலோ சியா சிப் போய்விடலாம்.

டிரான்ஸ்போமர் வாங்கக் கடைக்குப் போகுமுன் டிரைவின் பின்பக்க லேபிளில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள். 1541 என்று மட்டும் இருந்தால் மேலே சொன்னபடி தனிச்சுருள் 110. 1541-II என்று இருந்தால் அதற்குச் சப்ளை வெளியே, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் டிசிதான். 230இல் ஓடும் சப்ளை ஒன்று போதும், டிரான்ஸ்போமருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.